பழைய கம்ப்யூட்டரை மாற்றுமுன்: டிசைனர்கள் சறுக்கும் இடங்கள்

என் டெஸ்க்டாப்புக்கு ஏழு வயது ஆனபோது நான் முதலில் வாங்கியது கிராஃபிக்ஸ் கார்டு. பெயரிலேயே ‘கிராஃபிக்ஸ்’ இருக்கிறதே, நம் வேலைக்கு அதுதானே வேண்டும் என்று நினைத்தேன். கார்டைப் பொருத்தி, டிரைவர் போட்டு, செய்துகொண்டிருந்த புத்தக அட்டையைத் திறந்தேன். அதே மந்தம். ஒரு லேயரை நகர்த்தினால் கர்சர் சுற்றிக்கொண்டே இருந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் கவனித்தேன்: கம்ப்யூட்டரில் இருந்தது மொத்தமே 8 ஜிபி ரேம் (திறந்திருக்கும் வேலையைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம்). அதிலும் பாதியைப் பிரவுசர் தின்றுகொண்டிருந்தது.

கம்ப்யூட்டர் ஒட்டுமொத்தமாக மெதுவாவது அபூர்வம். பெரும்பாலும் ஏதோ ஒரு பாகம் மூச்சு வாங்கும், மற்றவை அதற்காகக் காத்திருக்கும். அது எந்தப் பாகம் என்று பார்க்காமல் காசை இறக்குவதுதான் முதல் தவறு.

பார்ப்பதும் கடினமில்லை. ஃபோட்டோஷாப் சன்னலின் கீழ் ஓரத்தில் ஃபைல் அளவைக் காட்டும் பட்டை இருக்கும். பக்கத்து அம்புக்குறியை அழுத்தி ‘எஃபிஷியன்ஸி’யைத் தேர்ந்தெடுத்துவிட்டு, வழக்கமான வேலையை அரைமணி நேரம் செய்யுங்கள். எண் 100 சதவீதத்திலேயே நின்றால் ரேம் போதும். 80, 70 என்று இறங்கினால் ஃபோட்டோஷாப் ரேமில் இடமில்லாமல் டிஸ்க்கில் எழுதி எழுதிப் படிக்கிறது என்று பொருள். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரையும் திறந்து வையுங்கள். ஃபைல் திறக்கும்போது டிஸ்க் 100 சதவீதத்தைத் தொட்டு, பிராசசர் சும்மா இருந்தால் குற்றவாளி டிஸ்க்தான்.

ரேம் எவ்வளவு தேவை என்பதை ஊர் சொல்வதை வைத்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் ஃபைலையே கணக்குப் போடலாம். ஏ3 அளவில் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) என்றால் 3508 × 4961 பிக்சல், அதாவது சுமார் 1 கோடியே 74 லட்சம் பிக்சல். அச்சுக்கான நான்கு நிற முறையான சிஎம்ஒய்கேயில் பிக்சலுக்கு 4 பைட். ஆக, முழுப் பக்கத்தையும் நிரப்பும் ஒரு லேயருக்கே ஏறக்குறைய 70 எம்பி. அப்படி இருபது லேயர் வந்தால் 1.4 ஜிபி. அதன் மேல் அன்டூ செய்வதற்கான ஹிஸ்டரி, கூடவே திறந்திருக்கும் இல்லஸ்ட்ரேட்டர், பிரவுசர், விண்டோஸ் எல்லாம் இருக்கின்றன. இந்த மாதிரி அச்சு வேலைக்கு 16 ஜிபி தாக்குப்பிடிக்கும், 32 நிம்மதி. லோகோவும் விசிட்டிங் கார்டும் மட்டும் செய்பவருக்கு 32 தேவையே இல்லை.

ரேம் வாங்கும்போது நடக்கும் குளறுபடி தனி ரகம். ரேமில் டிடிஆர்3, டிடிஆர்4 என்று தலைமுறைகள் உண்டு. டிடிஆர்3 இருக்கும் மதர்போர்டில் டிடிஆர்4 உட்காராது, வெட்டுப்பள்ளம் வேறு இடத்தில் இருக்கும். மலிவாகக் கிடைக்கிறதே என்று சர்வரிலிருந்து கழற்றிய ரெஜிஸ்டர்டு ரேமை வாங்கினால், பள்ளம் சரியாகப் பொருந்தினாலும் சாதாரண போர்டில் கம்ப்யூட்டர் எழுந்திருக்காது. 16 ஜிபி வேண்டுமானால் ஒரே கட்டையாக வாங்குவதைவிட இரண்டு 8 ஜிபி நல்லது, அப்போதுதான் ரேமுக்கும் பிராசசருக்கும் இடையிலான இரண்டு சேனலும் (பாதையும்) வேலை செய்யும். ஆனால் போர்டில் மொத்தமே இரண்டு ஸ்லாட்தானா என்று முதலில் மூடியைத் திறந்து பாருங்கள்.

அப்புறம் எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க். இன்னும் ஹார்டு டிஸ்க்கிலிருந்து விண்டோஸ் ஓடும் கம்ப்யூட்டராக இருந்தால், வேறு எதையும் யோசிக்காமல் இதைச் செய்துவிடலாம். ஹார்டு டிஸ்க் விநாடிக்கு 100 முதல் 200 எம்பி வரை படிக்கும், சாதாரண சாட்டா (ஹார்டு டிஸ்க்குக்கான வழக்கமான இணைப்பு) எஸ்எஸ்டி 500க்கு மேல். ஆனால் உண்மையான வித்தியாசம் இந்த எண்ணில் இல்லை. விண்டோஸ் கிளம்பும்போதும் ஃபான்ட் பட்டியல் ஏறும்போதும் ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்கள் படிக்கப்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஹார்டு டிஸ்க்கின் முள் ஓடிப் போய்த் தேட வேண்டும். எஸ்எஸ்டியில் முள்ளே கிடையாது.

இங்கே இரண்டு தவறுகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். எஸ்எஸ்டியை வாங்கி அதில் பழைய வேலைகளைச் சேமித்து வைத்துவிட்டு, விண்டோஸை ஹார்டு டிஸ்க்கிலேயே விட்டுவிடுவது ஒன்று. அதைத் தலைகீழாக வையுங்கள்: விண்டோஸ், ஃபோட்டோஷாப், ஸ்க்ராட்ச் டிஸ்க் (ரேம் போதாதபோது ஃபோட்டோஷாப் எழுதும் இடம்), இந்த வாரம் செய்யும் வேலை எல்லாம் எஸ்எஸ்டியில், முடிந்துபோன வேலைகள் ஹார்டு டிஸ்க்கில். இரண்டாவது, போர்டில் எம்.2 ஸ்லாட்டைப் பார்த்ததும், சாட்டாவைவிட வேகமான என்விஎம்இ வகை எஸ்எஸ்டியை வாங்கிவிடுவது. எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டும்தான். சில பழைய போர்டுகளில் அந்த ஸ்லாட் சாட்டா வகையை மட்டுமே ஏற்கும். ஸ்லாட்டே இல்லாத இன்னும் பழைய போர்டில் அடாப்டர் கார்டு போட்டு என்விஎம்இயைச் சொருகினாலும், பயாஸுக்கு (கம்ப்யூட்டரை எழுப்பும், போர்டில் இருக்கும் மென்பொருளுக்கு) அது புரியாவிட்டால் அதிலிருந்து விண்டோஸ் கிளம்பாது. போர்டின் மாடல் எண்ணை வைத்து மேனுவலைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். சந்தேகமாக இருந்தால் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டியே போதும், அது அநேகமாக எந்தப் பழைய டெஸ்க்டாப்பிலும் ஓடும்.

பிராசசரை மட்டும் மாற்றலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் பெரும்பாலும் ‘வேண்டாம்’தான். சாக்கெட் (போர்டில் பிராசசர் உட்காரும் இடம்) பொருந்தினால் போதும் என்பது பெரிய ஏமாற்று. இன்டெலின் எல்ஜிஏ 1151 சாக்கெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 6, 7ஆம் தலைமுறைக்கும் 8, 9ஆம் தலைமுறைக்கும் அதே பெயர், அதே அளவு. ஆனால் முன்னதற்கான போர்டில் பின்னதை வைத்தால் ஓடாது. ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் விதிவிலக்கு. அதில் பயாஸை அப்டேட் செய்து, முதல் ரைசன் இருந்த இடத்தில் ரைசன் 5000 வரிசையை வைத்தவர்கள் உண்டு. அப்படிப்பட்ட போர்டு உங்களிடம் இருந்தால் சரி. இல்லையென்றால் பிராசசருக்காகப் போர்டு, போர்டுக்காக ரேம், ரேமுக்குப் பிறகு பவர் சப்ளை என்று ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டே போகும். மதர்போர்டில் கை வைக்க வேண்டி வந்துவிட்டால், நீங்கள் வாங்குவது புது கம்ப்யூட்டர்தான். அதை ஒத்துக்கொண்டு அப்படியே திட்டமிடுவது மேல்.

பவர் சப்ளை பற்றி ஒரு வார்த்தை. போர்டின் ஸ்லாட் வழியாகக் கிராஃபிக்ஸ் கார்டுக்குக் கிடைப்பது 75 வாட் மட்டுமே. அதற்கு மேல் தேவைப்படும் கார்டுக்குத் தனி 6 பின் அல்லது 8 பின் கேபிள் வேண்டும். நிறுவனங்கள் பொருத்தி விற்கும் சின்னப் பெட்டி கம்ப்யூட்டர்களில் அந்தக் கேபிள் பல நேரம் இருக்காது. பவர் சப்ளையை மாற்றலாம் என்றால் அதன் வடிவமும் கனெக்டரும் அவர்களுக்கே உரிய தனி ரகமாக இருக்கும்.

பாகங்கள் எல்லாம் சரியாக இருந்தும், வேலை தொடங்கிய பத்து நிமிடம் கழித்து மட்டும் மந்தமாகிறதா? தூசியைத் தட்டுங்கள், பிராசசரின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டைப் புதிதாகத் தடவுங்கள். சூடேறினால் பிராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

இதற்கெல்லாம் முன் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும், பலரும் கடைசியில்தான் பார்க்கிறார்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், பொதுவாக இன்டெல் 8ஆம் தலைமுறை அல்லது ரைசன் 2000 வரிசைக்குக் குறையாத பிராசசரும் வேண்டும். உங்களுடையது அதற்குக் கீழே என்றால், ரேமும் எஸ்எஸ்டியும் போட்டு ஓரிரு வருடம் ஓட்டலாம். ஆனால் அதில் பெரிய செலவு செய்யாதீர்கள். எஸ்எஸ்டியை நாளைக்குப் புது கம்ப்யூட்டருக்குக் கழற்றிக்கொண்டு போகலாம், டிடிஆர்3 ரேமைக் கொண்டுபோக முடியாது.

சரி, புதிதாகவே வாங்குவது என்று முடிவெடுத்தவர்கள் சறுக்கும் இடம் மானிட்டர். மொத்தப் பணத்தையும் பெட்டிக்குள் கொட்டிவிட்டு, பத்து வயது மானிட்டரையே திரும்பவும் சொருகுவார்கள். பழைய டிஎன் வகைத் திரையில் தலையைக் கொஞ்சம் சாய்த்தாலே நிறம் மாறும், பின்விளக்கு வருடக்கணக்கில் எரிந்து மங்கி மஞ்சளடித்திருக்கும். திரையில் ஒரு சிவப்பு, அச்சில் வேறு சிவப்பு. எஸ்ஆர்ஜிபி என்ற பொது நிற வரம்பை ஏறக்குறைய முழுமையாகக் காட்டும் ஐபிஎஸ் வகை மானிட்டருக்கு முதலில் பணத்தை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் பிராசசரைத் தேடுங்கள். பழைய கம்ப்யூட்டரோடு 4கே மானிட்டரை இணைப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: எச்டிஎம்ஐ 1.4 மட்டும் இருந்தால் 4கேயில் விநாடிக்கு 30 முறைதான் திரை மாறும், மவுஸ் இழுத்து இழுத்து நகரும்.

மேக் பக்கம் போகிறவர்களுக்கு, 2020இல் ஆப்பிள் தன் சொந்த சிப்புக்கு மாறியதிலிருந்து அவற்றில் ரேமைப் பிறகு கூட்ட முடியாது. வாங்கும் நாளில் எடுத்ததுதான் கடைசிவரை.

மாறும்போது நடக்கும் விபத்துகள் பொருளில் இல்லை, ஃபைல்களில்தான். பழைய ஃபான்ட் தொகுப்பில் போஸ்ட்ஸ்கிரிப்ட் டைப் 1 என்ற பழைய வகை ஃபான்ட்கள் இருந்தால் புதிய அடோபி மென்பொருள்களில் அவை தெரியாது. 2023 ஜனவரியோடு அந்த ஆதரவை அடோபி நிறுத்திவிட்டது. பழைய பிரஷ், ஸ்வாட்ச், ஆக்‌ஷன், கலர் புரொஃபைல் எல்லாம் ‘டாக்குமென்ட்ஸ்’ ஃபோல்டருக்குள் இருக்காது, அந்த ஃபோல்டரை மட்டும் நகலெடுத்தால் இவை விட்டுப்போகும். அடோபி கணக்கில் இரண்டு கம்ப்யூட்டர்களில்தான் சைன் இன் செய்து வைத்திருக்க முடியும், பழையதில் சைன் அவுட் செய்ய மறக்காதீர்கள்.

பழைய கம்ப்யூட்டரை அன்றைக்கே கொடுத்துவிடவும் வேண்டாம். எனக்கு மூன்றாவது வாரத்தில்தான் ஒரு வாடிக்கையாளரின் பழைய லோகோ தேவைப்பட்டது, அதன் ஃபான்ட் பழைய டிஸ்க்கில் மட்டுமே இருந்தது. அதனால் பெட்டியைக் கொடுக்கும்போது ஹார்டு டிஸ்க்கை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டேன். யூஎஸ்பி உறை ஒன்றில் போட்டு, இன்றும் மேசை இழுப்பறையில் இருக்கிறது.