வீடு பார்க்க ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள்

பெங்களூருவில் ஃபிளாட்டுக்கு முன்பணம் கொடுக்கும் முன், ஒரு வேலைநாள் மாலை ஆறரை மணிக்கு அலுவலகத்திலிருந்து அந்த வீட்டு வாசல்வரை போய்ப் பாருங்கள். தரகர்கள் ஞாயிறு காலையில்தான் காட்டுவார்கள். காரணம் சொல்ல வேண்டுமா? மெட்ரோவிலிருந்து ‘ஐந்தே நிமிடம்’ என்று எனக்குச் சொன்ன வீட்டுக்கு, நடைபாதையில் நின்ற பைக்குகளையும் பெயர்ந்து கிடந்த சாக்கடைக் கல்லையும் சுற்றிப் போக 22 நிமிடம் ஆனது.

வேலை நகரின் கிழக்கு ஓரத்து ஒயிட்ஃபீல்டில் என்பதற்காக அங்கேயே ஒதுங்க வேண்டியதில்லை. 2023 அக்டோபரில் மெட்ரோவின் ஊதாத் தடம் முழுமையாகத் திறந்தபின், நகர மையத்தை ஒட்டிய அல்சூரிலிருந்து ரயில் மாறாமலே போகலாம். வீடு சிறியதாகத்தான் கிடைக்கும். ஆனால் தமிழ்ச் சங்கமும் ஏரியும் பக்கத்தில்; நண்பர்களும் ‘அவ்வளவு தூரமா’ என்று தயங்காமல் சாப்பிட வருவார்கள்.