ஓய்வுக்குப் பின் தம்பதியாகத் தொலைதூர ஊழியத்துக்குப் புறப்படுவோர் கவனிக்க வேண்டியவை

பணி ஓய்வு பெற்றபின் கணவனும் மனைவியுமாக வடமாநிலப் பணித்தளம் ஒன்றுக்குச் சென்று ஓராண்டோ ஈராண்டோ ஊழியம் செய்ய விரும்புவதாக, மயிலாடுதுறை, தரங்கம்பாடி, தஞ்சாவூர்ப் பக்கத்துச் சபைகளைச் சேர்ந்த பலர் எங்களிடம் விசாரிக்கிறார்கள். நான் கணக்கு ஆசிரியராகவும் என் மனைவி செவிலியராகவும் இருந்து ஓய்வு பெற்றவர்கள். ஜார்க்கண்டின் கும்லா மாவட்டத்தில் ஓராவோன் பழங்குடிப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் மிஷன் விடுதி ஒன்றில் 18 மாதங்கள் இருந்துவிட்டுத் திரும்பியிருக்கிறோம். எங்களுக்கு அங்கே போனபிறகு விளங்கியவற்றை நீங்கள் போகும் முன்பே அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

அழைப்புக் கடிதத்தில் இருவர் பணியும் இருக்கட்டும்

எல்லாவற்றுக்கும் முதலாக இதைச் சொல்கிறேன். எங்களுக்கு வந்த கடிதத்தில் என் பெயருக்கு எதிரே ‘விடுதிக் காப்பாளர்’ என்று இருந்தது. என் மனைவியின் பெயருக்கு எதிரே ‘உடன் வருபவர்’ என்று மட்டுமே இருந்தது. அதை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அங்கே போனபின், காலை மணி அடித்ததும் நான் பிள்ளைகளோடு போய்விடுவேன். அவரோ மொழி தெரியாத ஊரில், ஓர் அறையும் ஓர் அடுப்பும் மட்டுமே துணையாக நாளெல்லாம் தனித்திருந்தார். மூன்றாவது மாதத்தில் ஓர் இரவு ஒன்பதரை மணிக்கு நான் அறைக்குத் திரும்பியபோது, முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். காலையில் அவர் பொறுக்கி முடித்திருந்த அதே அரிசி. நான் ஒன்றும் கேட்கவில்லை. சற்று நேரம் கழித்து அவரே, “அந்த மருந்து அலமாரிக்கு எனக்கும் ஒரு சாவி வாங்கிக் கொடுங்க” என்றார்.

மறுவாரம் சாவி கிடைத்தது. அன்றிலிருந்து மாலை ஆறு மணிக்கு மருந்து அலமாரியின் முன் பிள்ளைகள் வரிசையாக நிற்கத் தொடங்கினார்கள். சிரங்கு ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றி மீண்டும் மீண்டும் வந்துகொண்டிருந்த விடுதியில், எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே நாளில் மருந்து பூசி, அன்றே எல்லாப் போர்வைகளையும் வெந்நீரில் அலசி வெயிலில் காயவைக்கும் வழக்கத்தை அவர்தாம் ஏற்படுத்தினார். எங்கள் 18 மாதங்களில் அந்த விடுதிக்கு நடந்த மிகப் பெரிய நன்மை அதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆகவே, இருவருக்கும் என்ன பணி, யாருக்குக் கீழ், எந்த நேரத்தில் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அவ்வாறு எழுதித் தரத் தயங்கும் இடத்துக்குப் போக வேண்டாம் என்பதே என் கருத்து.

ஊரில் முடித்துவிட்டுப் போக வேண்டியவை

நிலம் உள்ளவர்கள் சம்பா அறுவடை முடிந்து நெல் கணக்கு தீர்ந்தபின், தை இறுதியிலோ மாசியிலோ கிளம்புவது நல்லது. மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அதன்பின் குறுவைக்கு யார் நாற்று விடுவது, குத்தகை எவ்வளவு என்ற பேச்சைத் தொலைபேசியில் நடத்த முடியாது. மாசியில் போவதில் இன்னொரு நன்மையும் உண்டு: அங்கே கடுங்குளிர் அப்போதுதான் தணிந்திருக்கும் என்பதால், அடுத்த குளிர்காலத்துக்குள் உடம்பு அந்த ஊரோடு பழகிவிடும். வீட்டுச் சாவியை ஐப்பசி, கார்த்திகை மழையில் நேரில் வந்து ஒழுகலைப் பார்க்கக்கூடிய ஒருவரிடம் கொடுங்கள்.

ஓய்வூதியர்கள் ஆண்டுதோறும் அளிக்க வேண்டிய உயிர்வாழ் சான்றை, மத்திய அரசின் ஜீவன் பிரமாண் என்னும் மின்னணுச் சேவை வழியாக எந்த மாநிலத்திலிருந்தும் பதியலாம். தபால்காரரை வரவழைத்து 70 ரூபாய்க் கட்டணத்தில் விரல்ரேகை வைக்கவும் வசதி உண்டு. ஆனால் வயதானவர்களுக்கு ரேகை தேய்ந்து பதியாமல் போவதால், கைப்பேசியில் முகத்தைக் காட்டிப் பதியும் முறையைப் புறப்படும் முன்பே ஒருமுறை பழகிக்கொள்ளுங்கள்.

ரயிலில் மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. எனினும் 60 வயது நிறைந்த ஆண்களுக்கும் 45 வயது நிறைந்த பெண்களுக்கும் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு இருக்கிறது. பிள்ளைகள் வழியனுப்ப உடன் வந்தாலும், அந்த ஒதுக்கீடு கிடைப்பதற்காக உங்கள் இருவருக்கும் தனிச் சீட்டு எடுங்கள்.

மருந்துச் சீட்டில் மருந்தின் வணிகப் பெயரோடு மூலப்பெயரையும் எழுதித் தருமாறு மருத்துவரிடம் கேளுங்கள். நம் ஊர்க் கடையில் கிடைக்கும் அதே பெயர் அங்கே கிடைக்காது. மலேரியா உள்ள பகுதி என்பதால் கொசுவலை இல்லாமல் ஓர் இரவும் படுக்க வேண்டாம். மயிலாடுதுறையில் மார்கழிப் பனிக்குக் காதைச் சுற்றி ஒரு துண்டு போதும்; அங்கே கம்பளியும் காலுறையும் இல்லாமல் மூட்டுவலிக்காரர் எழுந்து நிற்கவே முடியாது. காபித்தூளும் சாம்பார்ப்பொடியும் கொண்டுபோங்கள். புளியைச் சுமக்க வேண்டாம், அங்கே வாரச்சந்தைக்குத் தாராளமாக வருகிறது.

மொழியும் நடத்தையும்

1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு, உள்ளூர் ஆசிரியர் ஒருவரிடம், சிறுபிள்ளைகளோடு அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். அவர் அப்போது இருபதுகளில் இருந்தவர். நமக்கு அந்த நினைவாற்றல் இல்லை. ஆயினும் முறை அதுவே: பிள்ளைகளிடம் கற்றுக்கொள்ளுங்கள். இந்தி எழுத்துகளை இங்கேயே படித்துக்கொண்டு போனால் கடைப்பலகையும் பேருந்துப் பலகையும் விளங்கும். ஓராவோன் மக்களின் குருக் மொழியோ நம் தமிழோடு ஒரே திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்தது. அவர்கள் ‘நான்’ என்பதை ‘ஏன்’ என்றும், ‘நீ’ என்பதை ‘நீன்’ என்றும் சொல்கிறார்கள். ஒருநாள் சிறுவன் ஒருவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு என் மனைவியிடம் வந்து “பல்” என்றான். யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

நாம் அங்கே எதையும் புதிதாகத் தொடங்கப் போவதில்லை. 1845-இல் ராஞ்சிக்கு வந்த, ஜெர்மனியின் காஸ்னர் சங்க மிஷனரிகளின் காலத்திலிருந்து அங்கே லுத்தரன் சபை வேரூன்றியிருக்கிறது. ஒருவரையொருவர் பார்க்கும்போது நாம் ‘தோத்திரம்’ என்று வாழ்த்துச் சொல்லும் இடத்தில் அவர்கள் ‘யீசு சஹாய்’ என்பார்கள். முதல் நாளிலிருந்தே அப்படிச் சொல்லப் பழகுங்கள். கட்டாயப்படுத்தியோ ஆசை காட்டியோ மதம் மாற்றுவதைத் தண்டிக்கும் சட்டம் அந்த மாநிலத்தில் 2017-இல் வந்தது. அன்பினால் நீங்கள் தரும் சட்டைத்துணியும் வேறுவிதமாகப் பார்க்கப்படக்கூடும் என்பதால், எந்தப் பொருளானாலும் விடுதிக் கணக்கில் வரவு வைத்து விடுதி வழியாகவே கொடுங்கள்.

பேசத் தயங்கும் பேச்சு

ஊரில் நெருங்கிய உறவினர் இறந்தால் போவதா, அங்கேயே நம்மில் ஒருவர் இறந்தால் எங்கே அடக்கம் செய்வது என்பதைப் பிள்ளைகளையும் அருகில் வைத்துப் பேசி முடிவெடுத்து, எழுதி வையுங்கள். நாங்கள், இறந்த இடத்திலேயே அடக்கம் என்று எழுதிக் கையொப்பமிட்டோம். என் மகள் அன்று அழுதாள்; பிறகு அவளே அந்தத் தாளை உறையிலிட்டு வைத்துக்கொண்டாள். எங்கள் பத்தாவது மாதத்தில் என் மூத்த அண்ணன் காலமானார். கூடப்பிறந்தவர்களுக்காகப் போவதில்லை என்று முன்பே முடிவு செய்திருந்ததால் அந்த இரவில் எங்களுக்குள் வாதம் எழவில்லை. தமிழ்க் கீர்த்தனைப் புத்தகத்தை எடுத்து, அவருக்குப் பிடித்தவற்றை இருவரும் விடியும்வரை பாடினோம்.

திரும்பும் நாளுக்கு இரண்டு மாதங்கள் முன்னதாகவே, உங்களுக்குப் பின் வருபவருக்காக ஒரு குறிப்பேடு எழுதத் தொடங்குங்கள். எந்தப் பிள்ளைக்கு எந்த மருந்து ஒவ்வாது, எந்தக் கிணறு சித்திரையில் வற்றும், எந்தப் பையன் கேட்காமல் பேசமாட்டான் என்பன போன்றவை அதில் இருக்க வேண்டும். என் மனைவி எழுதிய குறிப்பேடு மருந்து அலமாரியின் மேல்தட்டில், அவர் சாவியோடு சேர்த்துக் கட்டி வைக்கப்பட்டிருக்கிறது.