காலி ஹோல்டரோடு கிளம்புங்கள்: பெர்லின், பிராக் பயணத்தில் 4×5 ஃபிலிம் வாங்குவதும் கழுவுவதும்

தனித்தனி ஷீட் ஃபிலிமில் ஒவ்வொரு படமாக எடுக்கும் லார்ஜ் ஃபார்மட் கேமராவோடு வெளிநாடு போகிறவர்கள் பை அடுக்கும்போது கேமரா, லென்ஸ், டிரைபாட் மூன்றுக்கும்தான் கவலைப்படுகிறார்கள். அவை எந்தப் பயணத்தையும் தாங்கிவிடும். தாங்காதது ஃபிலிம். 35 மி.மீ. ரோல் என்றால் பாதுகாப்புச் சோதனையில் டப்பாவோடு எடுத்து அதிகாரி கையில் கொடுத்துவிடலாம். 4×5 அங்குல ஷீட் ஃபிலிம் பெட்டியைப் பார்த்து "திறந்து காட்டுங்கள்" என்று ஒருவர் சொல்லிவிட்டால் அதோடு முடிந்தது. மூடியைத் தூக்கிய நொடியில் உள்ளே இருக்கும் அத்தனை ஷீட்டும் வீண்.

பெர்லினில் தொடங்கி பிராகில் முடிந்த பயணத்துக்காக நான் உட்கார்ந்து யோசித்து, செய்து பார்த்து, இப்போது எல்லோருக்கும் சொல்வது ஒரே முறைதான். போகும்போது ஹோல்டர்களை, அதாவது ஷீட்டை வெளிச்சம் படாமல் வைத்து கேமராவில் மாட்டும் சட்டங்களை, காலியாகக் கொண்டுபோங்கள். ஃபிலிமை அங்கே வாங்குங்கள். எடுத்ததை அங்கேயே கழுவிவிடுங்கள். கழுவி முடித்த நெகட்டிவை எந்த ஸ்கேனரும் ஒன்றும் செய்யாது.

ஷீட் ஃபிலிமை ஹோல்டரில் ஏற்றவும் இறக்கவும் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

படி 1: கிளம்பும் முன்

செக்-இன் பெட்டியில் கழுவாத ஃபிலிம் போகவே கூடாது. அங்கே இருக்கும் ஸ்கேனர்கள் கடுமையானவை. கைப்பையைச் சோதிக்கும் பழைய எக்ஸ்ரே இயந்திரத்தில் குறைந்த ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) ஃபிலிம் சில முறை போய்வந்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆனால் இப்போது பல விமான நிலையங்களில் கைப்பைக்கே சி.டி. ஸ்கேனர் வந்துவிட்டது. அதில் ஒரு முறை போனாலே புகைமூட்டம் போலக் கறை விழக்கூடும் என்று ஃபிலிம் தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். கையால் சோதிக்கச் சொல்லிக் கேட்கலாம். ஒப்புக்கொள்வது அந்த நேரத்தில் அங்கே நிற்பவரின் மனதைப் பொறுத்தது. அதை நம்பிப் பயணத் திட்டம் போட நான் தயாரில்லை.

இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு ஒன்று. விலை உயர்ந்த கேமராவும் லென்ஸும் கையில் இருந்தால், புறப்படும்போதே சுங்கத்துறை கவுன்டரில் எக்ஸ்போர்ட் சர்டிஃபிகேட் வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் திரும்பும்போது, அங்கே வாங்கிய பொருளில்லை என்று நீங்கள் நிரூபிக்க வேண்டிவரும். சீரியல் எண்கள் எழுதிய தாள் கையில் இருந்தால் வேலை சீக்கிரம் நடக்கும்.

வீணாய்ப் போன 4×5 ஷீட் ஒன்றையும் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். எதற்கு என்று படி 3-இல் சொல்கிறேன்.

படி 2: கடையைக் கண்டுபிடிப்பது

மேப்பில் "கேமரா கடை" என்று தேடினால் மொபைல் கவர் விற்கும் கடைகள்தான் வரிசையாக வரும். பொருளின் பெயரையும் ஊரின் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள்: "ஃபோமாபான் 100 4×5 பெர்லின்" என்பது போல (ஃபோமாபான் என்பது ஃபோமா நிறுவனத்தின் கறுப்பு வெள்ளை ஃபிலிம்). அந்த ஊர் மொழியில் தேடினால் இன்னும் நல்லது. ஜெர்மனில் ஷீட் ஃபிலிமுக்கு 'பிளான்ஃபில்ம்', லார்ஜ் ஃபார்மட்டுக்கு 'க்ரோஸ்ஃபோர்மாட்', ஹோல்டருக்கு 'பிளான்ஃபில்ம்கஸெட்டே'. இந்த மூன்றும் போதும். உச்சரிப்புக்குக் கூச்சப்பட வேண்டாம். போனில் எழுதிக் காட்டினால் போதும்.

பெர்லினில் என் தேர்வு மிட்டே பகுதியில், ஆல்ட்டே ஷோன்ஹௌசர் தெருவில் இருக்கும் ஃபோட்டோஇம்பெக்ஸ். கறுப்பு வெள்ளைக்காரர்களின் கடை அது. அடாக்ஸ், ஃபோமா, இல்ஃபோர்டு, கூடவே டெவலப்பர், ஃபிக்ஸர், பேப்பர் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். பிராகில், வென்செஸ்லாஸ் சதுக்கத்துக்குப் பக்கத்தில் வோடிச்கோவா தெருவில், லாங்ஹான்ஸ் மாளிகையில் ஃபோட்டோ ஷ்கோடா இருக்கிறது. ஃபோமா தொழிற்சாலை இருப்பதும் அதே நாட்டில்தான், ஹ்ராடெட்ஸ் க்ராலோவே நகரில். 1921 முதல் இயங்கும் நிறுவனம்.

போவதற்கு இரண்டு வாரம் முன்பே கடைக்கு ஒரு மெயில் போட்டுவிடுங்கள். எந்த ஃபிலிம், எந்த அளவு, எத்தனை பெட்டி, எந்தத் தேதியில் வருவீர்கள் என்று நான்கு வரி போதும். 35 மி.மீ. ரோல் போல ஷீட் ஃபிலிமை எப்போதும் அடுக்கி வைத்திருக்க மாட்டார்கள். ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடைகளுக்குச் சட்டப்படி விடுமுறை. சனிக்கிழமை மாலை போய் இறங்கினால் திங்கள் வரை கேமராவைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

படி 3: பெட்டியின் மேல் உள்ள அளவைப் படியுங்கள்

எல்லாவற்றையும் விட முக்கியமான படி இது. இங்கே தடுமாறியவர்கள் ஏராளம்.

நம் ஊரில் லார்ஜ் ஃபார்மட் கற்றுக்கொள்கிறவர்களுக்குத் தெரிந்தது அங்குலக் கணக்கு: 4×5, 5×7, 8×10. ஐரோப்பாவில் அதற்குப் பக்கத்திலேயே சென்டிமீட்டர் கணக்கில் இன்னொரு குடும்பம் இருக்கிறது: 9×12, 13×18, 18×24. இரண்டும் ஒன்றுக்கொன்று நெருங்கிய அளவுகள். பெட்டிகளும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும், பல நேரம் ஒரே அலமாரியில்தான் இருக்கும். ஆனால் ஒன்றின் ஃபிலிம் இன்னொன்றின் ஹோல்டரில் உட்காராது.

4×5 என்பது 10.2×12.7 செ.மீ. ஆகவே 9×12 ஷீட் உங்கள் 4×5 ஹோல்டரின் ஓரத் தண்டவாளங்களுக்கு நடுவே பிடிப்பில்லாமல் ஆடும், கழன்று கேமராவின் பெல்லோஸுக்குள் (மடிப்புத் துருத்திக்குள்) விழும். 13×18-இல் சிக்கல் நேர் எதிர். 5×7 என்பது 12.7×17.8 செ.மீ.; 13×18 ஷீட் அதைவிட மூன்றே மில்லிமீட்டர் அகலம். இருட்டில் திணித்துத் திணித்துப் பார்ப்பீர்கள், போகாது. இருட்டறையில் உட்கார்ந்து கொண்டு தவறு ஃபிலிமிலா, கையிலா என்று கண்டுபிடிப்பது மிகவும் சிரமம். கடையிலேயே, வெளிச்சத்திலேயே, பெட்டியின் எண்ணைப் பார்த்துவிடுங்கள். அங்கே புள்ளிக்குப் பதில் கமா போடுவார்கள்: "10,2 × 12,7" என்று இருந்தால் அதுதான் உங்களுடையது.

பழைய ஹோல்டர் வாங்கும்போது இது இன்னும் நுணுக்கமாகிறது. 9×12 இரட்டை ஹோல்டர்களில் பலவும் வெளி அளவில் 4×5 ஹோல்டரைப் போலவே செய்யப்பட்டவை. உங்கள் கேமராவின் பின்பக்கத்தில் அழகாகப் பொருந்தும். பொருந்துகிறது என்பதால் வாங்கிவிடாதீர்கள். உள்ளே தண்டவாள இடைவெளி குறுகலாக இருக்கும். பர்ஸில் வைக்கச் சொன்ன அந்த வீண் ஷீட் இதற்குத்தான். ஹோல்டரின் வெளிச்ச மறைப்புத் தகடான டார்க் ஸ்லைடை இழுத்துவிட்டு ஷீட்டைத் தள்ளிப் பாருங்கள். தடையில்லாமல் போய் உட்கார்ந்தால் காசு கொடுங்கள்.

ஒரு சின்ன விலகல். ஜோசஃப் சூடெக் என்ற மாபெரும் கலைஞர் பிராக் நகரத்தை எடுத்தது இப்படிப்பட்ட பெரிய கேமராக்களில்தான். முதல் உலகப் போரில் வலது கையை இழந்தவர். ஒற்றைக் கையோடு மரக் கேமராவையும் டிரைபாடையும் சுமந்து நடந்து, நெகட்டிவின் அளவிலேயே கான்டாக்ட் பிரிண்ட் போட்டார். ஊயெஸ்ட் தெருவில் அவர் வேலை செய்த சிறு ஸ்டுடியோவை மீண்டும் கட்டிக் காட்சிக்கூடமாக வைத்திருக்கிறார்கள். பிராக் போனால் கடைக்குப் போகிற நாளிலேயே அங்கும் போய்வாருங்கள்.

படி 4: அந்த ஊர் ஃபிலிமின் குணம்

அங்கே மலிவாகக் கிடைப்பது ஃபோமாபான். 50 ஷீட் பெட்டியாகவே வாங்கலாம். எனக்கு ஃபோமாபான் 100 மிகவும் பிடிக்கும். ஆனால் நீண்ட எக்ஸ்போஷரில் அதன் ஒளியுணர்வு வெகுவாகத் தளர்ந்துவிடும். ஃபோமாவின் சொந்த அட்டவணைப்படி, ஒளிமீட்டர் 1 விநாடி காட்டினால் 2 விநாடி கொடுக்க வேண்டும். 10 விநாடி காட்டினால் 80 விநாடி. 100 விநாடி காட்டினால் அதைப் போல 16 மடங்கு, அதாவது 26 நிமிடத்துக்கும் மேல்.

தேவாலயத்துக்குள் லென்ஸ் துவாரத்தைச் சுருக்கி எஃப்/22 வைத்தால் மீட்டர் எளிதாக 10 விநாடி காட்டும். எனவே இந்த அட்டவணையைக் கையில் எழுதி ஒட்டிக்கொள்ளாமல் உள்ளே போகாதீர்கள். உட்புறம்தான் உங்கள் விருப்பம் என்றால் கூடுதல் காசு கொடுத்து இல்ஃபோர்டு எஃப்பி4 பிளஸ் வாங்குங்கள். அதில் 10 விநாடிக்குக் கிட்டத்தட்ட 18 விநாடி கொடுத்தால் போதும். வெயிலில், வெளியில் எடுப்பவர்களுக்கு ஃபோமா போதும். பெர்லினிலிருந்து பிராகுக்கு ரயிலில் போனால் டிரெஸ்டனுக்கு அப்பால் எல்ப் ஆற்றங்கரையோரமாகவே பாதை போகிறது. நடுவில் இறங்கி, 1851-இல் மணற்கல்லில் கட்டிய பாஸ்டை பாலத்தை எடுங்கள். அந்தப் பாறைகளின் சாம்பல் நிறங்களுக்கென்றே செய்த ஃபிலிம் போல இருக்கும். ரயிலில் ஸ்கேனரும் கிடையாது. இரண்டு ஊர்களுக்கு இடையே நான் விமானத்தைத் தொடாததற்கு அதுவே காரணம்.

படி 5: ஓட்டலில் ஏற்றுவது

ஜன்னல் இல்லாத குளியலறையைப் பார்த்து அறை பதிவு செய்யுங்கள். ஜூன் மாதத்தில் பெர்லினில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும். கதவடியில் டவலைச் செருகிவிட்டு, விளக்கை அணைத்து, ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். கண் பழகிய பிறகுதான் கசிவு தெரியும்: ஹேர் டிரையரின் சின்ன விளக்கு, கைக்கடிகார முள்ளின் பச்சை ஒளி. கையை உள்ளே விட்டு ஃபிலிம் ஏற்றும் இருட்டுப் பையான சேஞ்சிங் பேக் வைத்திருந்தாலும் அதையும் இந்த இருட்டறையில் வைத்தே பயன்படுத்துகிறேன். பையின் தையலை நான் முழுதாக நம்புவதில்லை.

எடுத்து முடித்த ஷீட்டைப் போட, மூன்றடுக்கு மூடியுள்ள காலிப் பெட்டி ஒன்று வேண்டும். ஃபிலிம் கழுவும் லேபில் கேட்டுப் பாருங்கள். காலிப் பெட்டிகள் அங்கே சேர்ந்து கிடக்கும், பெரும்பாலும் சும்மாவே கொடுப்பார்கள்.

படி 6: கழுவுவது

கலர் என்றால் லேபுக்குத்தான். எல்லா லேபும் ஷீட்டை எடுப்பதில்லை. ரோல் ஃபிலிமுக்கான மினிலேப் இயந்திரத்தில் ஷீட் போகாது. ஃபிலிமைத் தொங்கவிட்டுத் தொட்டி தொட்டியாக முக்கி எடுக்கும் டிப் அண்ட் டங்க் இயந்திரம் வேண்டும். "4×5 சி-41 செய்வீர்களா, ஈ-6 செய்வீர்களா, எத்தனை வேலை நாள்" என்று கேட்டுவிட்டு (சி-41 கலர் நெகட்டிவுக்கு, ஈ-6 ஸ்லைடுக்கு), திரும்பும் நாளுக்கு முன்னால் இரண்டு நாள் இடைவெளி விட்டுக் கொடுங்கள்.

கறுப்பு வெள்ளையை நானே கழுவிவிடுவேன். டெவலப்பர் ரோடினால்தான்: அடர்த்தியான திரவம், சின்ன பாட்டில், 1:50 கலந்து ஒரு முறை பயன்படுத்திவிட்டுக் கொட்டிவிடலாம். 1891-இல் வந்த சூத்திரம் இன்னும் கடையில் கிடைக்கிறது என்பதே அதன் சிறப்பைச் சொல்லும். டாங்க் விஷயத்தில், பயணத்துக்கு எஸ்பி-445 போல நான்கு ஷீட் பிடிக்கும் தட்டையான டாங்க்தான் என் பரிந்துரை. அரை லிட்டருக்கும் குறைவான திரவம் போதும். பேட்டர்சன் டாங்கில் மாட்54 என்ற ஷீட் தாங்கியைப் போட்டால் ஆறு ஷீட் போகும், ஆனால் ஒரு லிட்டர் வேண்டும். பெட்டியில் இடத்தையும் அடைக்கும். பெர்லின் குழாய்த் தண்ணீர் கடினத் தண்ணீர், காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விழும். கடைசி அலசலுக்கு ஒரு கேன் டிஸ்டில்டு வாட்டர் வாங்கிக்கொள்ளுங்கள்.

பயன்படுத்திய ஃபிக்ஸரை ஓட்டல் சிங்க்கில் ஊற்றாதீர்கள். அதில் வெள்ளி கரைந்திருக்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே ஓட்டலை விட, மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் பொது டார்க்ரூம் மேல். இல்ஃபோர்டு நடத்தும் 'லோக்கல் டார்க்ரூம்' இணையப் பட்டியலில் ஊர் பெயர் போட்டால் வரும். ஃபிக்ஸரை அவர்களே முறைப்படி அகற்றுவார்கள், உலர்த்தும் அலமாரியும் இருக்கும், அந்த ஊரில் இதே வேலை செய்பவர்களின் பழக்கமும் கிடைக்கும்.

பின்சேர்க்கை 1

மிஞ்சிய ஃபிலிமை என்ன செய்வது என்று பலர் கேட்டிருந்தீர்கள். தபாலில் ஊருக்கு அனுப்பலாமே என்றால், தபால் பொதிகளும் ஸ்கேனருக்குள் போக வாய்ப்புண்டு. நான் டார்க்ரூமில் யாருக்காவது கொடுத்துவிட்டு வருவேன். திறக்காத பெட்டி என்றால் கைச்சோதனைக்குக் கேட்டுப் பார்க்கலாம். முத்திரையோடு இருந்தால் அதிகாரிகளுக்கும் சந்தேகம் குறைவு.

பின்சேர்க்கை 2

டோக்கியோ, நியூயார்க் போகிறவர்கள் கேட்டதற்கு. இரண்டு ஊரிலும் அங்குல அளவுதான் வழக்கம், படி 3-இன் தலைவலி குறைவு. ஜப்பானில் 4×5-ஐ 'ஷினோகோ' என்பார்கள், லார்ஜ் ஃபார்மட் என்றால் 'ஓபான்'. ஷிஞ்ஜுகு மேற்கில் உள்ள யோடோபாஷி கேமராவில் இந்த இரண்டு சொல்லையும் சொல்லி ஃபிலிம் பிரிவைக் கேளுங்கள். நியூயார்க்கில் ஒன்பதாவது அவென்யூவில் உள்ள பி அண்ட் எச், யூதர்களின் ஓய்வுநாளுக்காக வெள்ளி பிற்பகலில் மூடினால் சனிக்கிழமை முழுவதும் திறக்காது. யூதப் பண்டிகை நாட்களிலும் அப்படித்தான். அங்கே ஞாயிற்றுக்கிழமை போங்கள்.