மூன்று வேளையா, வருமான வரியா?

மருந்துச் சீட்டில் ‘டி.டி.எஸ்.’ என்றால் நாளுக்கு மூன்று வேளை. சம்பளச் சீட்டில் பிடித்துக்கொண்ட வருமான வரி. தண்ணீர் சுத்திகரிப்புக் கருவி விற்பவர் சொன்னால் நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு. அதனால் தெரியாத சுருக்கம் கண்ணில் பட்டதும் எழுத்துக்கு எழுத்து ஆங்கிலச் சொல் தேடாதீர்கள். அது எந்தத் தாளில், வரியில் எந்த இடத்தில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

மருந்துச் சீட்டின் வரி பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் போகும். ‘டேப். பாராசிட்டமால் 650 மி.கி. டி.டி.எஸ். பி.சி. × 3/7’ என்ற வரியை எடுத்துக்கொள்வோம். மருந்தின் வகை, பெயர், வீரியம், எத்தனை வேளை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, எத்தனை நாள். வீரியத்தை அடுத்து நிற்பது வேளைக் கணக்கு என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஓ.டி. ஒரு வேளை, பி.டி. இரண்டு வேளை. கல்லூரி மாணவர்களின் ‘ஓ.டி.’ (ஆன் டியூட்டி) வேறு, கண் பரிசோதனைச் சீட்டில் அது வலது கண்.

இவற்றில் பல லத்தீன் சுருக்கங்கள். ஆங்கில அகராதியைப் புரட்டிப் பயனில்லை. பி.சி. என்பது ‘போஸ்ட் சிபும்’, சாப்பிட்ட பின். ஏ.சி. சாப்பிடும் முன். எச்.எஸ். படுக்கப்போகும் நேரம். எஸ்.ஓ.எஸ். என்றதும் பதற வேண்டாம். தேவைப்பட்டால் மட்டும் போடச் சொல்கிறார்கள்.

அதிகம் தடுக்கி விழும் இடம் அந்த 3/7. ஜூலை 3 அல்ல, மூன்று நாள். கோட்டுக்குக் கீழே உள்ள எண்தான் அலகைச் சொல்கிறது: 7 என்றால் நாள், 52 என்றால் வாரம், 12 என்றால் மாதம். 2/52 இரண்டு வாரம், 3/12 மூன்று மாதம்.

ஊகித்ததைக் கணக்குப் போட்டுச் சரிபார்க்கலாம். மூன்று வேளை, மூன்று நாள், ஆக 9 மாத்திரை. கடைக்காரர் மூன்றே கொடுத்திருந்தால் உங்களில் ஒருவர் தவறாகப் படித்திருக்கிறீர்கள். பத்து மாத்திரை அட்டையை வெட்டாமல் கொடுத்திருந்தால் இந்தக் கணக்கு உதவாது. மாத்திரை உறையில் ‘1-1-1’ என்று எழுதித் தந்திருக்கிறாரா பாருங்கள். காலை, மதியம், இரவு என்ற வரிசை அது.

டிஸ்சார்ஜ் சம்மரியில் சாய்கோடு போட்ட சுருக்கங்கள் வரும். சி/ஓ நோயாளி சொன்ன தொந்தரவு. எச்/ஓ முன்பு இருந்தது. கே/சி/ஓ ஏற்கெனவே உறுதியான நோய். ‘ஆர்/ஓ டி.பி.’ என்று பார்த்துவிட்டுக் காசநோய் என்று வீடே கலங்கும். காசநோய் இல்லை என்று உறுதி செய்யப் பரிசோதிக்க வேண்டும் என்பதே அதன் பொருள். டி.ஓ.டி. பெரும்பாலும் வீட்டுக்கு அனுப்பிய தேதி, ஆனால் அதுவே இறந்த தேதியையும் குறிக்கும். பக்கத்தில் உள்ள சேர்த்த தேதியோடு சேர்த்துப் படித்தால் குழப்பம் இராது.

இணையத்தில் தேடும்போது சுருக்கத்தை மட்டும் தட்டினால் வரிப் பக்கங்கள்தான் வந்து குவியும். ‘பிரிஸ்கிரிப்ஷன்’ என்ற சொல்லையும், முடிந்தால் மருந்தின் பெயரையும் ஆங்கிலத்தில் சேர்த்துத் தட்டுங்கள்.

இரண்டு இடங்களில் மட்டும் ஊகமே கூடாது. இன்சுலின் அளவை அடுத்து ‘யூ’ என்ற எழுத்து யூனிட்டைக் குறிக்கும். கையெழுத்தில் அது பூஜ்யம் போலத் தெரிந்தால் 10 யூனிட் 100 ஆகிவிடும். மெத்தோட்ரெக்சேட்டை மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறைதான் தருவார்கள். தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. இந்த இரண்டுக்கும் மருந்தாளுநரிடம் “இது சரியா?” என்று கேட்டால் தலையாட்டிவிடக்கூடும். “திங்கட்கிழமை மட்டும், ஒரு மாத்திரை, இரவில். அப்படித்தானே?” என்று நீங்கள் புரிந்துகொண்டதை முழுதாகச் சொல்லிக் கேளுங்கள்.