லயத்துக்குப் பின்னால் ஒரு பசளைக் கூடு

இலங்கை மலையகத்தில் கூட்டுப்பசளை போடத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் குழி வெட்டுகிறார்கள். வறண்ட பிரதேசத்துக்கு அது சரி, குழி ஈரத்தைக் காக்கும். ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் மே மாத மழை இறங்கிவிட்டால் அதே குழி தண்ணீர்த் தொட்டிதான். காற்றுப் போகாத குப்பை மக்காது, அழுகும். லயத்துக்கு, அதாவது தோட்ட வரிசை வீடுகளுக்கு, பின்னாலுள்ள மண்மேட்டில் வெட்டினால் தண்ணீர் உள்ளே இறங்கி மேடே சரியவும் கூடும். குழி வேண்டாம், நிலத்துக்கு மேலே கூடு கட்டுங்கள்.

நீளம், அகலம், உயரம் மூன்றும் 3 அடி. நான்கு மூலைக்கும் சவுக்குக் கம்பு நட்டு, ஒரு விரல் இடைவெளி விட்டுக் குறுக்குக் கம்பு அடியுங்கள். முன்பக்கக் கம்புகளைக் கழற்றி மாட்டும்படி விட்டால் கிளறுவது சுலபம். அடியில் அரை அடி உயரத்துக்குத் தடித்த மிலாறு, அதாவது கவ்வாத்தில் வெட்டிய தேயிலைக் குச்சி, பரப்புங்கள்; காற்று கீழிருந்து ஏறவும் தண்ணீர் வடியவும் அதுதான் வழி. மேலே பழைய தகரம், சரிவாக, நான்கு பக்கமும் அரை அடி வெளியே நீட்டி. தகரத்தைக் கம்பியால் இழுத்துக் கட்டுங்கள், ஜூலைக் காற்றுக்குக் கல் மட்டும் பாரம் வைத்தால் நிற்காது. தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு மேற்புறம் கூடு வைக்கவே கூடாது. மேட்டுப் பக்கம் ஒரு சிறு வாய்க்கால் கீறி மழைத்தண்ணீரைத் திருப்பி விடுங்கள்.

கூட்டின் அளவைக் குறைக்காதீர்கள். நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையே சுமார் 16 பாகை செல்சியஸ்தான். சின்னக் குவியல் தன் சூட்டைப் பிடித்து வைக்காது. ஒரு குடும்பத்துக் குப்பையால் இதை நிரப்ப நாளாகும் என்பதால், பக்கத்துக் காம்பராவில் இருப்பவர்களையும் சேர்த்துக்கொள்வது நல்லது.

உண்மையில் வேலை தொடங்குவது ஜனவரியில், சருகு சேர்ப்பதோடு. சமையலறைக் குப்பை வருடம் முழுக்கக் கிடைக்கும், காய்ந்த சருகு மழையில் கிடைக்காது. பலருடைய கூடு ஜூனில் நாறுவது இதனால்தான். ஐந்து பேர் உள்ள வீட்டில் நாளுக்கு 2 லீற்றர் மரக்கறிக் கழிவு என்று வையுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை 300 லீற்றர். அதற்கு இரு மடங்கு சருகு, அதாவது 600 லீற்றர் வேண்டும். நன்றாக அமுக்கிக் கட்டினால் ஏழெட்டு உரப்பையில் அடங்கும். சவுக்கு இலை, காய்ந்த மானாப்புல், கிழித்த மட்டை அட்டை எல்லாம் ஆகும். உரப்பையை முதலில் அலசுங்கள். அலசிய தண்ணீரைப் பீலிக்கரையில் விடாமல் புல்லில் ஊற்றுங்கள்.

ஒரு பக்கட் கழிவு கொட்டினால் இரண்டு பக்கட் சருகால் மூடுங்கள். லீக்ஸ் தாள், கோவா வெளி இலை, போஞ்சி நார், தேயிலைச் சக்கை எல்லாம் போடலாம். கோவாத் தண்டை நசுக்கிப் போடுங்கள், முழுதாகப் போட்டால் அடுத்த வருடமும் அப்படியே கிடக்கும். ஒவ்வொரு அடி உயரத்துக்கும் ஒரு கை சாணமோ பழைய பசளையோ தூவினால் மக்குவது விரைவில் தொடங்கும். மூன்று வாரத்துக்கு ஒரு முறை மண் கிளறும் முள்ளால் குத்தி, ஓரத்திலிருப்பதை நடுவுக்கும் நடுவிலிருப்பதை ஓரத்துக்கும் மாற்றுங்கள்.

ஈரம் பார்க்க நடுவிலிருந்து ஒரு பிடி எடுத்துக் கையில் பிழியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு எட்டிப் பார்த்தால் சரி. ஒழுகினால் சருகு போட்டுக் கிளறுங்கள். பிழிந்த பிடி கை விரித்ததும் உதிர்ந்தால் அரிசி கழுவிய தண்ணீர் தெளியுங்கள். கூமுட்டை நாற்றம் வந்தால் காற்றில்லை. மூக்கைச் சுள்ளென்று அடிக்கும் நாற்றமென்றால் பச்சைக் கழிவு கூடிவிட்டது. இரண்டுக்கும் மருந்து சருகுதான்.

மீன் முள்ளும் இறைச்சித் துண்டும் போடாதீர்கள். எலி, காட்டுப்பன்றி, நாய் மூன்றும் வரும். நாயைத் தேடிச் சிறுத்தை வருவது தோட்டப்புறத்தில் யாருக்கும் புதிதல்ல. கருகல் விழுந்த உருளைக்கிழங்கு, தக்காளிச் செடிகளும், வேர் கட்டிகட்டியாக வீங்கிய கோவாவும் வேண்டாம். குளிர்ந்த கூட்டில் அந்த நோய் சாகாது, பசளையோடு பாத்திக்கே திரும்பும். சோறு சுற்றும் லஞ்ச் ஷீட் 2017 செப்டெம்பர் 1 முதல் தடை என்றாலும் பொலித்தீன் துண்டுகள் எப்படியோ கழிவோடு வந்துவிடுகின்றன, கொட்டுமுன் பொறுக்குங்கள். குப்பையை வடிகால் கானில் தள்ளிவிட்டால் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். மஸ்கெலியா ஓயாவில் விழுவது களனி கங்கையில் சேரும். கொழும்பு குடிப்பது அந்தத் தண்ணீர்.

அடுப்புச் சாம்பலும் உதவும், ஆனால் ஒரு அடி உயரத்துக்கு ஒரு கை போதும். கூடினால் பசளையின் சத்து ஆவியாகிப் போகும். பிளாஸ்டிக் எரித்த சாம்பல் ஒரு சிட்டிகையும் ஆகாது. அடுப்பு மூட்டப் பொலித்தீன் தேவைப்படுவதே விறகு ஈரமாக இருப்பதால்தான். விறகை மணிக்கட்டுத் தடிப்புக்குப் பிளந்து, நிலத்திலிருந்து அரை அடி உயர்த்தி அடுக்கி, மேலே மட்டும் மூடுங்கள். படங்கால் (தார்ப்பாயால்) பக்கங்களையும் சுற்றினால் உள்ளே பூஞ்சணம் பிடிக்கும். இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், இரண்டு நாளுக்கான விறகு இருந்தால் போதும், மூட்டுவதற்கு ஒரு சிரட்டை.

இந்தக் குளிரில் பசளை ஆறு மாதம் எடுக்கும். கறுத்து, உதிர்ந்து, மழைக்குப் பின் வரும் மண்வாசனை அடித்தால் தயார். கரட் பாத்திக்குப் பாதி மக்கியதைப் போட்டால் கிழங்கு கவட்டையாகப் பிளக்கும். அரை அங்குலச் சல்லடையில் சலித்து, 3 அடிக்கு 3 அடி பாத்திக்கு ஒரு பக்கட் கலந்துவிடுங்கள். சல்லடையில் தங்கியது மறுபடி கூட்டுக்கு.