யூஎஸ்பி பிரிண்டரில் டேப்லெட் வழியாக பிரிண்ட் எடுக்க

மதுரை கீழமாசி வீதி மாதிரி கடைவீதிகளில் டேப்லெட்டில் பில் போடுகிறோம். மேசையில் இருப்பதோ யூஎஸ்பி மட்டுமுள்ள பழைய லேசர் பிரிண்டர். டேப்லெட்டில் யூஎஸ்பி சாதனத்தைச் செருக உதவும் ஓடிஜி கேபிள் மாட்டினாலும் பெரும்பாலும் வேலைக்காகாது. இந்த ரகப் பிரிண்டர்களில் பலவற்றுக்குப் பக்கத்தைப் புள்ளிகளாக மாற்றித் தருவது கம்ப்யூட்டரில் உள்ள டிரைவர் மென்பொருள்தான். ஐபேட் தேடுவது ஏர்பிரிண்ட் (தனி டிரைவர் இல்லாமல் நெட்வொர்க் வழியாக அச்சிடும் ஆப்பிளின் முறை). ஆண்ட்ராய்டு 8 முதல் உள்ளவை தேடுவது மோப்ரியா என்ற அதே மாதிரி முறை. இரண்டும் இல்லாத பிரிண்டர் பட்டியலிலேயே வராது. நன்றாக ஓடும் மெஷினை இதற்காகத் தூக்கிப்போடச் சொல்வது அநியாயம்.

எனக்குக் கைகொடுத்தது சும்மா கிடந்த பழைய லேப்டாப். அதில் லினக்ஸ் ஏற்றி, கப்ஸ் (பிரிண்ட் வேலைகளைக் கவனிக்கும் மென்பொருள்), அவாஹி (பிரிண்டர் இருப்பதை நெட்வொர்க்கில் அறிவிக்கும் மென்பொருள்) இரண்டையும் நிறுவி, பிரிண்டரைச் செருகினேன். லேப்டாப் பிரவுசரில் localhost:631 என்ற கப்ஸ் பக்கத்தைத் திறந்து பிரிண்டரைச் சேர்க்கும்போது 'ஷேர்' கட்டத்தில் டிக் வைக்காவிட்டால் டேப்லெட்டுக்குத் தெரியாது. பேப்பர் அளவு 'லெட்டர்' என்று இருந்தால் ஏ4-க்கு மாற்றுங்கள்; இல்லாவிட்டால் பில்லின் கடைசி வரி வெட்டுப்படலாம். லேப்டாப்புக்குப் பதிலாக ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கம்ப்யூட்டரும் போதும்தான். ஆனால் பல கம்பெனி டிரைவர்கள் இன்டெல் வகை பிராசஸருக்கு மட்டுமே கிடைக்கின்றன. வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறமும் டேப்லெட்டில் பிரிண்டர் தெரியவில்லையென்றால் கோளாறு ரவுட்டரில் இருக்கலாம். டேப்லெட் கெஸ்ட் வைஃபையில் இருந்தாலோ, வைஃபை சாதனங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துவைக்கும் 'ஏபி ஐசொலேஷன்' ஆனில் இருந்தாலோ ஒன்றுக்கொன்று தெரியாது. லேப்டாப்புக்கு ரவுட்டரில் நிலையான ஐபி (நெட்வொர்க் முகவரி) ஒதுக்குங்கள். கரண்ட் போய் வந்தாலும் முகவரி மாறாது. மூடியைச் சாத்தினால் லேப்டாப் ஸ்லீப்புக்குப் போகாதபடி பவர் செட்டிங்கையும் மாற்ற வேண்டும்.