ஈபுக்ல கதை முடிஞ்சப்புறம் வர்ற பக்கங்கள்: தவிர்க்க வேண்டிய தப்புகள்

சொந்தமா ஈபுக் போடுறவங்க அட்டைக்கும் முதல் அத்தியாயத்துக்கும் அவ்ளோ மெனக்கெடுறாங்க, ஆனா கடைசி வரிக்கு அப்புறம் என்ன வரணும்னு பெருசா யோசிக்கிறதில்ல. நன்றியுரை, ஆசிரியர் குறிப்பு, மத்த புத்தகங்களோட லிஸ்ட்னு கைக்கு வந்த வரிசைல போட்டு அப்லோட் பண்ணிடுறாங்க. உண்மைல வாசகர் உங்க எழுத்து மேல ரொம்பப் பிரியமா இருக்குறது புத்தகத்தை முடிச்ச அந்த நிமிஷத்துலதான், ரெண்டு மூணு பக்கம் தள்ளிப் பாப்பார், ஒண்ணும் இல்லன்னா மூடிட்டுப் போயிடுவார்.

அதனால பெரிய தப்பே வரிசைதான். நாலு பக்க நன்றியுரைய முதல்ல வச்சா அடுத்த புத்தகம் இருக்குறதே பல பேருக்குத் தெரியாமப் போயிடும். கதை முடிஞ்ச உடனே அடுத்த புத்தகத்தோட பேர், ரெண்டு வரி அறிமுகம், லிங்க். கீழயே விமர்சனம் எழுதச் சொல்லி ஒரு வரி. மத்ததெல்லாம் அதுக்குப் பின்னாடி வரட்டும். ஒரே பக்கத்துல ஃபேஸ்புக், யூடியூப், மெயில் லிஸ்ட், வாட்ஸ்அப் சேனல்னு அடுக்குனா எதையும் தொட மாட்டாங்க. விமர்சனம் கேக்குறப்ப "அஞ்சு ஸ்டார் போட்டா ஒரு கதை ஃப்ரீ"ன்னு மட்டும் எழுதிடாதீங்க, அது அமேசான் விதிக்கு நேர் எதிரானது.

லிங்க் விஷயத்துல இன்னும் நிறைய சொதப்பல் நடக்குது. அச்சுப் புத்தகத்துக்குப் பண்ண க்யூஆர் கோடை அப்படியே ஈபுக்லயும் வச்சுடுறாங்க, ஃபோன்ல படிக்கிறவர் அதே ஃபோன வச்சு அத எப்படி ஸ்கேன் பண்ணுவார்? அமேசானோட கிண்டில் கடை லிங்க் இருக்குற அதே ஃபைல ஆப்பிளோட புத்தகக் கடையான ஆப்பிள் புக்ஸ்க்கும் அனுப்பினா, போட்டிக் கடையோட லிங்க் இருக்குன்னு திருப்பி அனுப்பிடுவாங்க. ஒவ்வொரு கடைக்கும் தனி ஃபைல் பண்ணுங்க, இல்லன்னா உங்க சொந்த வெப்சைட்ல ஒரு பக்கத்துக்கு லிங்க் குடுங்க. அமேசான் அஃபிலியேட் லிங்க்க (அது வழியா யாராவது வாங்கினா உங்களுக்குக் கமிஷன் வர்ற லிங்க்) ஈபுக்குள்ள வைக்கவே கூடாது, அந்தத் திட்டத்தோட விதிலயே அதுக்கு இடம் இல்ல.

அடுத்த புத்தகத்துலருந்து சாம்பிள் போடுறது நல்ல ஐடியாதான், நீளம்தான் பிரச்சனை. ஈபுக் படிக்கிறவர் கண்ணு எவ்ளோ படிச்சாச்சுன்னு காட்டுற சதவீதத்து மேலயே இருக்கும், இன்னும் 20% இருக்கு, ஏதோ திருப்பம் வரப்போகுதுன்னு நம்பி ஆசையா படிச்சிட்டு இருக்கப்ப திடீர்னு கதை முடிஞ்சு வேற புத்தகத்தோட மூணு அத்தியாயம் வந்தா, நல்ல முடிவே கூட அரைகுறையா முடிஞ்ச மாதிரி தோணிடும், அந்தக் கோபம் நேரா விமர்சனத்துல வந்து நிக்கும். ஒரு அத்தியாயம், அதுவும் சின்னதா இருந்தாப் போதும். அமேசானோட சந்தாத் திட்டமான கிண்டில் அன்லிமிடெட்ல வாசகர் படிச்ச பக்கத்துக்குத்தான் எழுத்தாளருக்குக் காசுங்கறதால சிலர் பழைய கதையெல்லாம் பின்னாடி திணிச்சாங்க, இப்போ இந்த மாதிரி கூடுதல் விஷயம் மொத்தப் புத்தகத்துல சுமார் 10% தாண்டக் கூடாதுன்னு கேடிபி (சொந்தமா புத்தகம் போடுறதுக்கான அமேசானோட தளம்) சொல்லுது. பொருளடக்கத்தைக் கடைசிக்குத் தள்ளுறதும் வேண்டாம், அது முன்னாடிதான் இருக்கணும்.

கட்டுரைப் புத்தகம்னா அச்சுல இருந்த சொல்லடைவ (எந்தச் சொல் எந்தப் பக்கத்துலன்னு கடைசில வர்ற இன்டெக்ஸ்) பக்க எண்ணோட காப்பி பண்ணாதீங்க. எழுத்து அளவ மாத்தினா பக்கமே மாறிடும், அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்ல. ஒண்ணு லிங்க்கா மாத்துங்க, இல்ல எடுத்துடுங்க, தேடுற வசதி இருக்கே. அடிக்குறிப்புக்குப் போக லிங்க் வச்சா, படிச்ச இடத்துக்குத் திரும்பி வர்றதுக்கும் லிங்க் இருக்கணும்.

இன்னொண்ணு, "விரைவில் வெளிவருகிறது"ன்னு போட்டது அந்தப் புத்தகம் வந்து வருஷக் கணக்கானப்புறமும் அப்படியே கிடக்கும். பாக்கவே கஷ்டமா இருக்கு. ஃபைல மாத்தி ஏத்த காசு கூட ஆகாது. ஏற்கெனவே வாங்கினவங்களுக்குப் புது ஃபைல் தானா போய்ச் சேராது, ஆனா இனிமே வாங்குறவங்களுக்குப் போகும். அதனால புதுப் புத்தகம் ரிலீஸ் ஆகுற வாரத்துலயே பழைய புத்தகங்களோட கடைசிப் பக்கத்தையும் திருத்தி ஏத்திடுங்க, தொடர்னா முதல் பாகத்துலருந்து ஆரம்பிங்க, அதைத்தான் புதுசா வர்றவங்க முதல்ல வாங்குவாங்க.